பதினைந்து பேரில் மூவர்

சென்ற ஆண்டு பருவத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், இயற்பியல் துறை நண்பர் ஒருவர் தாம் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறிய ஈரம் காய்வதற்குள் மிதிவண்டியில் 90 கிலோமீட்டர் போக வேண்டும். இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். இடையில் உறக்கமோ ஓய்வோ கிடையாது, கடிகாரம் நிற்பதில்லை. மொத்தம் 113 கிலோமீட்டர். இத்தனைக்கும் இதன் பெயர் 'அரைத் தொலைவு' டிரையத்லான். முழுத் தொலைவு என்று ஒன்று வேறு இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

நண்பருக்கு வயது முப்பத்தெட்டு. ஊர்க்கிணற்றில் நீச்சல் பழகியவர். கல்லூரிக்கு மிதிவண்டியில் வருபவர். போட்டிக்கு ஒன்பது வாரங்கள் இருந்தன. அவற்றில் மூன்றை விடைத்தாள்களே எடுத்துக்கொண்டுவிட்டன. "சரியாப் பயிற்சி எடுக்காம யாராவது இதை முடிச்சிருக்காங்களா சார்? நீங்கதான் எதையாவது தேடிப் படிக்கிற ஆளாச்சே" என்று கேட்டார். விளையாட்டைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. பழையவற்றைத் தேடுவதில் மட்டும் கொஞ்சம் பழக்கமுண்டு. அவருக்காகத் தேடத் தொடங்கி, பின்னர் நமக்காகவே தேடியதன் பயன் இக்கட்டுரை.

1

டிரையத்லான் என்ற சொல் கிரேக்க ஒலி கொண்டது. மூன்று என்பதற்கும் போட்டி என்பதற்குமான கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தது. ஆகவே இது பண்டை ஒலிம்பியாவிலிருந்து வந்த ஆட்டம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இன்று நாம் அறிந்த வடிவில் அதன் வயது சுமார் ஐம்பதுதான். 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், ஒரு புதன்கிழமை மாலை, கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரில் மிஷன் பே என்னும் நீர்ப்பரப்பின் ஓரம் அது நடந்தது. ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷானஹன் என்ற இருவர், உள்ளூர் ஓட்டக் கழகத்தின் ஆதரவில் அதை ஏற்பாடு செய்தனர். அலுவலக நாளில் வேலை முடிந்து வந்தவர்களாக 46 பேர் கூடினர். ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் என்று எல்லாமே குறுகிய தொலைவுகள். வென்றவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பின்தங்கியவர்கள் நீந்தி முடிப்பதற்குள் இருட்டிவிட்டதால் கார்களின் விளக்குகளை நீரை நோக்கித் திருப்பிவைத்து வழிகாட்டினார்களாம்.

பரிசுக் கோப்பைகளைச் செய்யச் சொன்னபோது, அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டல் என்ன என்று கடைக்காரர் கேட்டார் என்றும், அகராதியில் அது இல்லாததால் தாமே முடிவு செய்ய நேர்ந்தது என்றும் ஜான்ஸ்டோன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தமிழ் கற்பிக்கும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தந்தது. ஒரு விளையாட்டு, அதன் சொல்லுக்கு எழுத்துக்கூட்டல் அமைவதற்கு முன்பே பிறந்துவிட்டது. அப்படிப் பிறந்ததற்குப் பயிற்சிமுறை மட்டும் எங்கிருந்து வரும்? அன்று வந்த 46 பேரில் எவருமே டிரையத்லானுக்கெனப் பயின்றவர் அல்லர். அப்படி ஒன்றுக்குப் பயில வேண்டும் என்ற எண்ணமே அதுவரை உலகில் இருந்ததில்லை.

அந்த 46 பேரில் ஒரு குடும்பமும் இருந்தது. அமெரிக்கக் கப்பற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், அவர் மனைவி ஜூடி, அவர்களின் பிள்ளைகள். பின்னர் காலின்ஸ் பணிமாற்றம் பெற்று ஹவாய்த் தீவுகளுக்குப் போனார். அந்தப் புதன்கிழமை மாலையும் அவரோடு போயிற்று.

2

1977இல் ஹவாயின் ஓவாஹு தீவைச் சுற்றி நடந்த ஒரு தொடர் ஓட்டத்தின் பரிசளிப்பு விழாவில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. ஓடுபவர் உடல்வலியில் மிக்கவரா, நீந்துபவரா? பெல்ஜிய மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸின் உடல் உயிர்வளியை உள்வாங்கும் திறனில் எவரையும் விஞ்சியது என்று ஏதோ ஓர் இதழில் வந்திருந்ததைக் காலின்ஸ் எடுத்துவைத்தார். பிறகு மேடையேறி ஒரு தீர்வு சொன்னார். தீவில் ஏற்கெனவே மூன்று போட்டிகள் தனித்தனியே நடந்துவந்தன. வைகிக்கி கடல்நீச்சல் 2.4 மைல். தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பயணம் 115 மைல். அதை வழக்கமாக இரண்டு நாட்களில் முடிப்பார்கள். ஹொனலூலு மாரத்தான் 26.2 மைல். மூன்றையும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தால் என்ன? முதலில் முடிப்பவரை 'இரும்பு மனிதர்' என்போம் என்றார். அரங்கம் சிரித்தது.

மிதிவண்டிப் பாதையில் மூன்று மைல்களைக் குறைத்தால் அது நீச்சல் முடியும் இடத்தில் தொடங்கி, மாரத்தான் தொடங்கும் அலோஹா கோபுரத்தருகே முடியும் என்று கணக்குப் போட்டார்கள். இன்று உலகெங்கும் மாறாமல் பின்பற்றப்படும் 112 மைல் என்னும் எண்ணுக்குப் பின்னால் உடலியல் ஆராய்ச்சி எதுவும் இல்லை. ஒரு தீவின் சுற்றளவும் ஒரு கோபுரம் நின்ற இடமுமே அதை முடிவு செய்தன. அந்த 112 மைலின் பாதிதான் நம் நண்பர் மிதிக்க வேண்டியிருந்த 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர். எங்கோ எப்போதோ எடுத்த ஒரு சௌகரியமான முடிவு பிற்காலத்தவரின் தொடைகளில் வந்து இறங்குகிறது.

1978 பிப்ரவரி 18 அன்று காலையில் பதினைந்து பேர் கடலில் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய தண்ணீரையும் உணவையும் தம் துணைக்குழுவைக் கொண்டே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வழியில் தண்ணீர்ப் பந்தல் கிடையாது. நெடுநேரம் முன்னிலையில் இருந்தவர் ஜான் டன்பார், கப்பற்படைச் சிறப்புப் பிரிவின் முன்னாள் வீரர். ஓட்டத்தின்போது அவர் துணைக்குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீர் கொடுத்தார்கள். அவரை முந்திச் சென்ற கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 நொடிகளில் முடித்து முதல் இரும்பு மனிதரானார். டன்பார் இரண்டாமவர். யோசனையைச் சொன்ன காலின்ஸ் ஏறத்தாழ 17 மணி நேரம் எடுத்துக்கொண்டு, ஆயினும் முடித்தார். பதினைந்து பேரில் பன்னிருவர் முடித்தனர்; மூவர் முடிக்கவில்லை.

இந்த மூவரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அவர்களிடம் மீண்டும் வருவோம்.

3

அடுத்த ஆண்டும் வந்தவர்கள் சிலரே. 1979இல் சான்டியாகோவில் மதுக்கடை நடத்திவந்த டாம் வாரன் வென்றார். லின் லெமேர் முதல் பெண்ணாக முடித்ததோடு ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாகவும் வந்தார். வேறு வேலையாகத் தீவுக்கு வந்திருந்த இதழாளர் பாரி மெக்டெர்மாட் அதைக் கண்டு நீண்ட கட்டுரையொன்று எழுதினார். 1980இல் தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்தன; கலந்துகொண்டவர் தொகை நூற்றைத் தாண்டியது. 1981இல் போட்டியின் பொறுப்பை ஏற்றிருந்த வாலரி சில்க், நெரிசலான ஓவாஹுவை விட்டு எரிமலைப் பாறைகள் சூழ்ந்த கோனாவுக்கு அதை இடம் மாற்றினார். அங்கேதான் நம் நண்பரின் கேள்விக்குரிய மனிதர் வருகிறார்.

ஜூலி மாஸ் கலிபோர்னியாவில் உடற்பயிற்சி உடலியல் படித்துவந்த மாணவி. வயது 23. பட்டப்படிப்பின் இறுதியில் எழுத வேண்டிய ஆய்வேட்டுக்குப் பொருளாக இந்தப் போட்டியைத் தேர்ந்துகொண்டார். தரவு வேண்டுமே, தம் உடலையே தரவாக்கினார். தேர்ந்த வீராங்கனை என்று அவரை எவரும் கருதவில்லை, அவரே கருதவில்லை. 1982 பிப்ரவரி 6 அன்று கோனாவில், யாரும் எதிர்பாராத வகையில், பெண்களில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கடைசி மைல்களில் உடல் கைவிட்டது. விழுந்தார், எழுந்தார், நடந்தார், மீண்டும் விழுந்தார். உடலின் அடிப்படைக் கட்டுப்பாடுகளும் போயின. பிறர் தூக்கிவிட்டால் தகுதி இழக்க நேரிடும் என்பதால், நீண்ட கைகளை விலக்கினார். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் விழுந்து கிடந்தபோது காத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்துபோய் வென்றார். மாஸ் தவழத் தொடங்கினார். கையை நீட்டிக் கோட்டைத் தொட்டபோது 11 மணி 10 நிமிடம் 9 நொடி. வென்றவருக்கும் அவருக்கும் இடைவெளி 29 நொடிகள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இக்காட்சி ஒளிபரப்பானபின் டிரையத்லான் ஒரு சிறு குழுவின் கிறுக்குத்தனமாக இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் அதைத் தேடி வந்தனர். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மார்க் ஆலன் என்ற இளைஞர் அதே ஆண்டு அக்டோபரில் கோனாவுக்கு வந்தார். பின்னாளில் ஆறு முறை அங்கே வாகை சூடினார். வென்ற மெக்கார்ட்னியின் பெயரைக் கேட்டால் பலரும் யோசிப்பார்கள். தவழ்ந்தவரின் பெயர் யோசிக்காமலே வரும்.

நமக்கு இது புதிதல்ல. வெண்ணிப் போரில் வென்றவன் கரிகாலன். முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டவன் சேரமான். வென்றவனையே முன்னிலைப்படுத்திப் பாடும்போதும், தோற்றவனே உன்னிலும் நல்லவன் அல்லவா என்று கேட்டவர் வெண்ணிக்குயத்தியார். புறநானூற்றின் 66ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தோற்றவன் பக்கமே சாய்வதைப் பார்க்கிறோம். 1982இல் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருந்தவர்களும் அப்படியே சாய்ந்திருக்கிறார்கள்.

4

ஆக, நண்பரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று முதலில் நினைத்தோம். சரியான பயிற்சியில்லாமல் இறங்கியவர்களாலேயே இந்த விளையாட்டு உண்டாயிற்று. போங்கள், வாழ்த்துகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் வரலாற்றைப் பாதியில் மூடிவைப்பது நேர்மையன்று.

ஜூலி மாஸ் தவழ்ந்ததில் மன உறுதி இருந்தது உண்மை. அதை வேண்டியதாக்கியது எது என்றும் பார்க்க வேண்டும். நம் தசைகளும் கல்லீரலும் சேமித்துவைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ அரைக் கிலோ. கடுமையாக உழைத்தால் அது இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். அதற்குமேல் ஓடுவதெல்லாம் வழியில் உண்பதைக் கொண்டும் கொழுப்பைக் கொண்டும்தான். நீண்ட காலப் பயிற்சி கொழுப்பை எரிக்கும் பழக்கத்தை உடலுக்குத் தருகிறது. ஓடும்போதே உண்டு செரிக்கக் குடலையும் பழக்குகிறது. அது இல்லாதவருக்குச் சர்க்கரை தீர்ந்ததும் கால் தளர்கிறது, மூளை மங்குகிறது. இன்னொன்றும் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் தேறப் பல மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்பதால் தயாராகிவிட்டோம் என்று நம்புகிறவர்களின் முழங்கால்தான் முதலில் உண்மையைச் சொல்கிறது.

தேர்ந்தவர்களுக்கும் இது நேர்வதுண்டு. கோனாவில் ஏழு முறை வென்றிருந்த பவுலா நியூபி-ஃபிரேசர், 1995இல் பின்னால் வருபவர் நெருங்கிவிடுவார் என்ற அவசரத்தில் தண்ணீர்ப் பந்தல்களில் நில்லாமல் ஓடினார். முடிவுக்கோடு அருகில் இருக்கையில் சரிந்து விழுந்தார். முதலிடத்தில் இருந்தவர் வெகுநேரம் தரையில் கிடந்து, பின் எழுந்து மெல்ல நடந்து நான்காவதாக முடித்தார். மறு ஆண்டு வந்து எட்டாவது முறையாக வென்றார். விழுந்ததிலிருந்து அவர் கற்றதே வெற்றியாயிற்று என்பது நம் ஊகம்.

இவையெல்லாம் நல்லபடியாக முடிந்த கதைகள். முடியாத கதைகளும் உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களில் நேர்ந்த உயிரிழப்புகளையும் மாரடைப்புகளையும் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விபத்துக் காயங்களால் நேர்ந்தவற்றைத் தவிர்த்து, திடீர் மரணமும் இதயம் நின்று மீட்கப்பட்டதுமாக மொத்தம் 120 நிகழ்வுகள். அவற்றில் நீச்சலின்போது நேர்ந்தவை 90. ஓட்டத்தில் 15, மிதிவண்டியில் 7, போட்டி முடிந்தபின் 8. கலந்துகொண்டவர்களின் பெருந்தொகையோடு வைத்துப் பார்த்தால் இது அரிதான நிகழ்வுதான். ஆனால் நான்கில் மூன்று நீரிலேயே நேர்ந்திருக்கிறது. ஓடுபவர் தளர்ந்தால் ஓரமாக அமரலாம். கடலில் அமர்வதற்கு இடமில்லை. கிணற்றில் பழகிய நீச்சல், நூற்றுக்கணக்கானோர் கையும் காலும் மோத, அடிமண் தெரியாத உப்புநீரில் அலையை எதிர்த்து நீந்துவதற்குப் போதுமா என்ற கேள்வியை நண்பரிடம் அவசியம் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

இந்த இடத்தில்தான் 'அரைத் தொலைவு' என்பதன் பொருளும் நமக்குத் தெளிந்தது. மாஸின் காட்சியைக் கண்டு வந்த பெருங்கூட்டத்தில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். முழுத் தொலைவுக்கு வேண்டிய நேரம் அவர்களிடம் இல்லை. 1980களில் அரைத் தொலைவுப் போட்டிகள் பரவின. கலிபோர்னியாவில் 1983இல் தொடங்கிய வைல்ட்ஃபிளவர் அவற்றில் புகழ்பெற்ற ஒன்று. 2005இல் இரும்பு மனிதர் நிறுவனம் தன் அரைத் தொலைவுப் போட்டிகளுக்கு 70.3 என்று பெயரிட்டது. 1.2, 56, 13.1 ஆகிய மைல்களின் கூட்டுத்தொகை அது. 'அரை' என்ற சொல்லை எவரும் விரும்புவதில்லை போலும். எண்ணாக்கிவிட்டால் குறை தெரியாது. 2006இல் புளோரிடாவின் கிளியர்வாட்டரில் அதற்கென முதல் உலகப் போட்டி நடந்தது. 2018 பிப்ரவரியில் கொழும்புக்கும், 2019 அக்டோபரில் கோவாவுக்கும் அது வந்துசேர்ந்தது.

இப்போட்டிகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பொதுவாக, நீச்சலை ஒரு மணி பத்து நிமிடத்துக்குள்ளும், மிதிவண்டிப் பகுதியைத் தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குள்ளும், முழுவதையும் எட்டரை மணி நேரத்துக்குள்ளும் முடித்தாக வேண்டும். தவறினால் நிறுத்திவிடுவார்கள். இதை இரக்கமற்ற விதியென்று முதலில் எண்ணினோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. தானாக நிறுத்தத் தெரியாத மனிதனுக்காகப் பிறர் நிறுத்திவைக்கும் ஏற்பாடு அது.

5

கற்றதையெல்லாம் ஒரு மாலையில் நண்பரிடம் சொன்னோம். அவர் ஜூலி மாஸின் கதையை இரண்டு முறை சொல்லக் கேட்டார். ஆய்வின் எண்களைக் கேட்டபின் சிறிது நேரம் பேசவில்லை. மறுநாள் மருத்துவரிடம் போய் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டார். எஞ்சிய ஆறு வாரங்களில் ஓட்டத்தைக் குறைத்து, மீனவ நண்பர் ஒருவரின் படகு உடன்வர, வார இறுதிகளில் கடலில் நீந்தினார்.

போட்டி நாளன்று நீச்சலை நேரத்துக்குள் முடித்துவிட்டார். மிதிவண்டியிலும் தப்பினார். ஓட்டத்தில் பதினான்காவது கிலோமீட்டரில், நேரம் இன்னும் மிச்சமிருக்கும்போதே, வலது முழங்காலைப் பிடித்தபடி தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் நின்றார். அங்கிருந்த இளைஞர்கள் கைதட்டி, "விடாதீங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்றார்களாம். அவர் நாற்காலி ஒன்று கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்தவர் நம்மைப் பார்க்கவே கூச்சப்பட்டார். "நீங்க அவ்வளவு கதை சொன்னீங்க சார். என்னால தவழக்கூட முடியல" என்றார். பிழை நம்முடையது என்று அப்போதுதான் உறைத்தது. எச்சரிக்கைகளை எண்களாகச் சொல்லியிருந்தோம். தவழ்ந்தவளைக் கதையாகச் சொல்லியிருந்தோம். எண்களைவிடக் கதையே மனத்தில் தங்கும் என்பதை இலக்கிய ஆசிரியராகிய நாம் அறிந்திருக்க வேண்டும்.

அன்று அவருக்கு 1978இன் அந்த மூவரைப் பற்றிச் சொன்னோம். ஹாலரின் நேரம் நொடிவரை பதிவாகியிருக்கிறது. டன்பார் குடித்த பீர்கூட வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. அந்த மூவரும் அதே காலையில் அதே கடலில் இறங்கியவர்கள். அவர்களுக்கும் முன்னுதாரணம் இல்லை, பயிற்சிமுறை இல்லை, தண்ணீர்ப் பந்தல் இல்லை. ஓரிடத்தில், இதற்குமேல் வேண்டாம் என்று நின்றார்கள். அவர்கள் நின்ற இடத்தை எந்த நூலும் கொண்டாடுவதில்லை. ஆனால் அவர்களையும் சேர்த்தால்தான் பதினைந்து என்ற கணக்கு வருகிறது. அந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பன்னிருவர் என்று தொடங்குவதில்லை, பதினைந்து பேர் என்றே தொடங்குகிறார்கள்.

நண்பர் சிறிது நேரம் கழித்து, "அந்த மூணு பேர் மறுபடி வந்தாங்களா சார்?" என்று கேட்டார். அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றோம். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, அடுத்த ஆண்டு விடைத்தாள் திருத்தும் பணி எந்த மாதத்தில் வருகிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்.